முட்டை அட்டையில் முப்பது போல்ட்டு

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் விக்கல் வரும். திட்டுவதற்கு வாயைத் திறப்பார், "ஏம்மா உனக்கு..." என்று ஆரம்பிப்பார், அதற்குள் ஒரு விக்கல் குறுக்கே வந்து விழும். தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் எதற்குக் கோபப்பட்டோம் என்பதே அவருக்கு மறந்துபோகும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒரு வசவைக்கூட அவர் வாயால் நான் முழுசாகக் கேட்டதில்லை. கடவுள் எனக்குக் கொடுத்த வரங்களை எண்ணும்போது அந்த விக்கலையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.

பஸ் டிப்போவில் அவர் மெக்கானிக். பத்தொன்பது வயதில் பஸ் கழுவுகிற வேலைக்குப் போனவர், பார்த்துப் பார்த்தே தொழில் கற்றுக்கொண்டார். போல்ட்டு, நட்டு, திருகாணி என்றால் அவருக்கு உயிர். தெருவில் ஒன்று கிடந்தால் தாண்டிப்போகக் கால் வராது. எடுத்து ஊதி, சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். துணி துவைக்கப் போகுமுன் நான் அந்தப் பையைக் கவிழ்த்தால் கல்யாண வீட்டுச் சமையல் பாத்திரம் உருண்ட மாதிரி சத்தம் வரும்.

பெண் பார்க்க முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசல் கதவின் கீலைப் பார்த்தார்.

"மூணு திருகு பித்தளை, ஒண்ணு மட்டும் இரும்பு. யாரோ அவசரத்துல மாத்திப் போட்டிருக்காங்க" என்றார்.

என் அண்ணன் என் காதருகே குனிந்து, "நல்லா யோசிச்சுக்கோம்மா. இந்த ஆளோட குடும்பம் நடத்தணும்னா நீ போல்ட்டாப் பொறந்திருக்கணும்" என்றான்.

யோசித்தேன். கதவில் இருக்கிற ஒரு திருகுக்காக இவ்வளவு வருத்தப்படுகிறவர் வீட்டில் இருக்கிற மனுஷிக்காக வருத்தப்படாமலா இருப்பார் என்று தோன்றியது. சரி என்றேன். அது தப்பாகவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய காரை இழுத்துக்கொண்டு வந்தார். பல் டாக்டர் ஒருவருடைய வீட்டு வாசலில் பதினோரு வருஷமாக அசையாமல் நின்ற கார். பச்சை நிறம் என்றார்கள். எனக்குத் தெரிந்து அது தூசி நிறம். அறுபது வயசு வண்டி, என்னைவிட மூத்தது. நிறுத்த இடம் இல்லாததால் என் அண்ணன் தன்னுடைய குடோனில் ஒரு மூலையைக் கொடுத்தான். அண்ணனுக்கு பிளாஸ்டிக் நாற்காலி வியாபாரம். கூரை வரைக்கும் அடுக்கின நாற்காலிகளுக்கு நடுவே கார் நிற்கும். டிப்போ வேலை முடிந்ததும் அவர் அங்கே போய்விடுவார். ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வீடு. அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உன் சக்களத்தி சௌக்கியமா இருக்காம்மா, இன்னிக்கு அவளுக்கு எண்ணெய் மாத்தினார்" என்பான்.

காரை முழுசாகச் சரிசெய்து போன வருஷம் பழைய கார்ச் சங்கத்திடம் காட்டினார். கம்பெனியிலிருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் அந்த வண்டிக்குப் பெரிய மரியாதை. சோதிக்க ஓர் அம்மா வந்தார். ஒல்லியாக, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க வந்தவர் எஞ்சின் மூடியைத் திறந்ததும் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டார். இவர் ஆசை ஆசையாக எல்லா இடத்திலும் புது குரோம் போல்ட்டாக வாங்கி மாட்டியிருந்தார். எல்லாம் பளபளவென்று மின்னின.

"இது காரா, நகைக்கடையா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா மூடியை மூடினார். வண்டி தேறவில்லை.

அன்றைக்கு இவருக்கு எட்டு மணி நேரம் விக்கல்.

அண்ணன் பொறுமையானவன்தான், ஆனால் நாற்காலி வியாபாரம் பெருகிவிட்டது. "மாப்ளே, மனசுல வச்சுக்காதீங்க. இன்னும் ஒரு வாட்டி காட்டுங்க. அப்பவும் தேறலேன்னா வண்டியை வித்துடுவோம். எனக்கு அந்த மூலை வேணும்" என்றான்.

"சரி மச்சான்" என்றார் இவர். அன்று சாப்பிடும்போது சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். வண்டி போனால் இந்த மனுஷன் டிப்போ விட்டு எங்கே போவார் என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

நல்லவேளையாகக் காரிலிருந்து கழற்றின பழைய போல்ட்டுகளை அவர் எறியவில்லை. ஒரு எண்ணெய் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அறுபது வருஷத்து அழுக்கு தார் மாதிரி அப்பிக் கிடந்தது.

"கம்பெனிக்காரன் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு நிறம் குடுத்திருக்கான். சிலது கறுப்பு. சிலது வெள்ளை முலாம், ஆனா மினுங்காது, மழை வர்ற நேரத்து வானம் மாதிரி இருக்கும். சிலது மஞ்சள் முலாம், திருப்பினா உள்ளே வானவில் ஓடும். எந்த இடத்துல எதுன்னு சொல்ல இந்த வண்டிக்குப் புத்தகம் கிடையாது. அந்த அழுக்குக்கு அடியிலதான் எழுதியிருக்கு" என்று விளக்கினார். கையில் இருந்த அப்பளத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். நானும் எங்கள் மகளும் அப்பளத்தில் வானவில் தெரிகிற மாதிரியே தலையாட்டினோம். உண்மையில் எனக்கு அதில் பாதிகூட மண்டையில் ஏறவில்லை.

இரண்டு மாதம் உட்கார்ந்து, எது எந்த இடத்துப் போல்ட்டு என்று கண்டுபிடித்து, முக்கியமான முப்பதை ஒரு முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக வைத்தார். ஒவ்வொரு குழிக்கும் எண். வருகிற ஞாயிற்றுக்கிழமை பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டு, குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் துடைத்து அடியில் இருக்கிற நிறத்தைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை யாரிடம் சொன்னார் என்றால், மகளிடம் சொன்னார். நான் அப்போது சாமி அறையில் இருந்தேன்.

புதன்கிழமை. அவர் வேலைக்குப் போய்விட்டார். அலமாரிக்குப் பக்கத்தில் முட்டை அட்டை இருந்தது. பார்த்தேன். முப்பதும் கன்னங்கரேலென்று கிடந்தன. பாவம், இவ்வளவு வேலைக்கு நடுவில் இதைச் சுத்தம் பண்ண அவருக்கு நேரம் இல்லை போலிருக்கிறது, நாம் செய்து வைத்தால் வந்ததும் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டேன். சாமி விளக்குத் தேய்க்கிற பொடியைப் போட்டேன். கம்பி நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்த வேலை செய்தாலும் நூற்றெட்டு வரித் துதி ஒன்று என் வாயில் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓட ஓடத் தேய்த்தேன். மதியத்துக்குள் முப்பதும் விளக்குச் சுடர் மாதிரி ஆகிவிட்டன. அதோடு விட்டேனா? பெரியது, நடுத்தரம், சிறியது என்று உயர வாரியாக அழகாக அடுக்கியும் வைத்தேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் முதலில் சாப்பாடு, பிறகு காட்டலாம் என்று அடக்கிக்கொண்டேன். பரிமாறும்போது என் கையைப் பார்த்தார்.

"என்ன, இன்னிக்கு கீரையா?"

"இல்லீங்க, உருளைக்கிழங்கு."

"நகத்துல பச்சையா இருக்கே."

எங்கே இப்போதே கண்டுபிடித்துவிடுவாரோ என்று கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "சாப்பிடுங்க, உங்களுக்கு ஒண்ணு வச்சிருக்கேன்" என்றேன். சின்னப் பெண் மாதிரி எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

முட்டை அட்டையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் பார்த்தார். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். மெதுவாகச் சுவரில் சாய்ந்தார். விக்கல் வந்த வேகத்தில் தட்டு நகர்ந்தது.

மகள் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ அம்மா! அந்த அழுக்குதாம்மா வேணும்! அதுக்கு அடியிலதான் நிறம் இருந்துச்சு!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "பளபளன்னு இருந்தா நல்லதுன்னு..." என்று முணுமுணுத்தேன். அழுகை வந்தது. அவர் விக்கலுக்கு நடுவே என் தலையில் கை வைத்து, "விளக்கு மாதிரி... ஹிக்... நல்லாத்தான் தேய்ச்சிருக்கே" என்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியாமல் வாய்விட்டு அழுதேன். மகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். ஒருத்தர் விக்க, ஒருத்தி அழ, ஒருத்தி சிரிக்க, அடுத்த வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியே, "டிவியைக் கொஞ்சம் குறைச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கண்ணை மூடித் துதி சொல்லிக்கொண்டிருந்தேன். பதினேழாவது வரி வந்ததும் சட்டென்று கையில் ஒரு ஞாபகம் எழுந்தது. அந்த வரியில்தான் நேற்று நான் தடித்த நீளப் போல்ட்டைத் தேய்த்தேன். அப்போது கம்பி நாரில் மை மாதிரி ஒரு கறுப்பு ஒட்டியது. அழுக்குக் கறுப்பு வேறு, அது வேறு. அழுக்கு வழவழவென்று வழியும். அது அரைத்த கரி மாதிரி நின்றது.

"என்னங்க! எனக்கு ஞாபகம் இருக்குங்க!"

அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு ஓடிவந்தார்.

நான் முதல் வரியிலிருந்து துதியைச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் கை எந்தப் போல்ட்டில் இருந்தது என்பது தானாக வந்தது. இருபதாவது வரியில் நான்கு சின்னப் போல்ட்டு, கழுத்துச் சதுரமாக இருக்கும், தண்ணீர் மஞ்சளானது.

"துரு மஞ்சளா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. துரு செங்கல் மாதிரி இருக்கும். இது தேன் மாதிரி இருந்துச்சு."

"தேன்!" என்று அவர் ஒரு குதி குதித்தார். நுரை என் மேல் தெறித்தது. "கார்புரேட்டர் போல்ட்டு, மஞ்சள் முலாம்! எழுதிக்கோம்மா, எழுதிக்கோ!"

மகள் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினாள். ஐம்பத்திரண்டாவது வரியிலிருந்து, வேறு நிறம் எதுவும் வராமல் சாம்பல் மட்டும் வந்த எட்டும் வெள்ளை முலாம். நூறாவது வரி தாண்டும்போது இருபத்துநான்கு போல்ட்டுக்கு நிறம் கிடைத்துவிட்டது. அவர் டிப்போவுக்கு ஒன்றே கால் மணி நேரம் தாமதமாக, இரண்டு காலில் இரண்டு விதச் செருப்போடு போனார்.

ஆனால் ஆறு மீதி. எஞ்சின் மூடியின் கீலில் வருகிற ஆறு. மூடியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். அந்த ஆறைத் தேய்க்கும்போது அண்ணன் போன் பண்ணியிருந்தான். காதில் போனை இடுக்கிக்கொண்டு பேசியதால் துதி நின்றிருந்தது. துதி இல்லாததால் ஞாபகமும் இல்லை.

"என்னடா பேசினே அன்னிக்கு அவ்வளவு நேரம்?" என்று அண்ணனிடம் சண்டைக்குப் போனேன்.

"நீதானே உன் வீட்டுக்காரர் கொலு பொம்மை மாதிரி போல்ட்டை அடுக்கி வச்சிருக்காருன்னு அரை மணி நேரம் சிரிச்சே!" என்றான்.

முலாம் பூசுகிறவர் ஒருவர் உண்டு. எப்போதும் தொட்டிக்குப் பக்கத்திலேயே நிற்பதால் அவருக்குத் தொட்டிக்காரர் என்றே பேர். அவர், "கீல் போல்ட்டு எல்லா வண்டியிலும் வெள்ளைதாண்ணே. நான் நூறு வண்டிக்குப் போட்டிருக்கேன்" என்று அடித்துச் சொன்னார். இவருக்கு மனசு ஒப்பவில்லை. பூதக்கண்ணாடியால் அந்த ஆறிலும் திருகு வரி ஓடுகிற மரையைப் பார்த்தார். மரையில் ஒன்றும் இல்லை, வெறும் இரும்பு. சோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போது, வேறு வழியில்லாமல் ஆறையும் துணியில் முடிந்துகொண்டு சைக்கிளில் தொட்டிக்காரரிடம் கிளம்பினார்.

அவர் போனபின் நான் சமையலறையில் உட்கார்ந்து அரைக்கீரை ஆய்ந்தேன். வழக்கம்போல் துதி. ஆய்ந்து முடித்துக் கை கழுவப் போனேன். நகத்தைப் பார்த்தேன். பச்சை.

போல்ட்டு தேய்த்த புதன்கிழமையும் பச்சை. புதன்கிழமை உருளைக்கிழங்கு.

நான் போட்ட சத்தத்தில் மகள் ஸ்கூட்டர் சாவியோடுதான் ஓடிவந்தாள். என்ன என்று கேட்கவில்லை, எங்கே என்று மட்டும் கேட்டாள். கீரைக்கட்டு என் கையிலேயே இருந்தது. பின்னால் உட்கார்ந்துகொண்டு, "வேகமாப் போடி, கடவுளே, மெதுவாப் போடி, வேகமாப் போடி" என்று வழி முழுக்கச் சொன்னேன். இரண்டு சிக்னலிலும் பச்சை விழுந்தது. அன்றைக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் எனக்குப் பச்சையாகத்தான் தெரிந்தது.

பட்டறைக்குள் ஆவியும் நெடியும். தொட்டிக்காரர் ஆறு போல்ட்டையும் செப்புக் கம்பியில் மாலை மாதிரி கோத்து, கொதிக்கிற காரத் தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். அழுக்கு, பெயின்ட், எல்லாவற்றையும் உரித்துவிடுகிற தொட்டி அது.

"போடாதீங்க!" என்று கத்தினேன்.

தொட்டிக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். கம்பி ஆடியது. என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் அந்த மாலையைத் தாவிப் பிடித்தார்.

"என்னம்மா, என்ன ஆச்சு? எதுக்குக் கீரையோட வந்திருக்கே?"

எனக்கு மூச்சு வாங்கியது. நகத்தை நீட்டினேன். "பச்சைங்க. அன்னிக்கு உருளைக்கிழங்குங்க."

தொட்டிக்காரர் மகளிடம், "அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று மெல்லக் கேட்டார்.

ஆனால் என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. கண் விரிந்தது. பூதக்கண்ணாடியை எடுத்தார். இத்தனை நாள் மரையைப் பார்த்தவர், இப்போது போல்ட்டின் தலைக்கும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்த வாஷருக்கும் நடுவே பார்த்தார். கம்பி நார் போகாத இடம். வெளிச்சத்துக்குத் திருப்பினார். அங்கே ஒரு முடி அகலத்துக்கு, வண்டியின் அதே பச்சை.

"முலாமே இல்லய்யா இதுக்கு! மூடியை மாட்டி, போல்ட்டை முடுக்கி, அப்புறம்தான் கம்பெனியில பெயின்ட் அடிச்சிருக்கான். வண்டியோட சேர்த்து இதுக்கும் பச்சை!"

தொட்டிக்காரர் வாங்கிப் பார்த்தார். நூறு வண்டிக்கு வெள்ளை போட்ட மனுஷன், "அப்போ அந்த நூறு வண்டி?" என்றார். என் வீட்டுக்காரர் என் கையிலிருந்த கீரைக்கட்டை வாங்கி அவர் கையில் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கும் தெரியாதாம். தொட்டிக்காரரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

அந்த ஆறுக்கும் வண்டியின் பச்சையையே அடித்து மாட்டினார். சனிக்கிழமை கையுறை அம்மா வந்தார். ஐந்து தப்பு வரைக்கும் மன்னிப்பு, ஆறாவது வந்தால் வண்டி தேறாது. அண்ணன் நாற்காலிகளை ஒதுக்கி வழிவிட்டிருந்தான். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து துதியை ஆரம்பித்தேன்.

அந்த அம்மா வண்டியின் பின்னாலிருந்து தொடங்கினார். விளக்குக் கண்ணாடி ஒன்று, கதவு ரப்பர் ஒன்று, மிதியடி ஒன்று, வைப்பர் ஒன்று. நான்கு தப்பு. இதெல்லாம் கிடைக்காத சாமான், இவருக்கு முன்பே தெரியும். பிறகு அந்த அம்மா நம்பர் பலகை முன்னால் குனிந்தார்.

"இது என்ன திருகு? மின்னுதே?"

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது. "இது... இது நான் போட்டது இல்லையே!"

மூலையிலிருந்து அண்ணன் தொண்டையைச் செருமினான். "மாப்ளே, நேத்து பார்த்தேன், ஒரு ஓட்டை சும்மா இருந்துச்சு. பாவமா இருந்துச்சு. நம்ம நாற்காலி ஸ்க்ரூ ஒண்ணை..."

விக்கல் வந்துவிட்டது. ஐந்து தப்பு. இனி எஞ்சின் மூடிக்குள் இருப்பது மட்டும்தான் பாக்கி.

மூடி திறந்தது. எஞ்சினில் ஒரு தப்பும் சொல்லாமல் அந்த அம்மா கடைசியில் கீலுக்குக் குனிந்தார், பூதக்கண்ணாடியை வைத்தார், எடுத்தார், கண்ணாடியைத் துடைத்து மறுபடி வைத்தார். நான் எழுபத்தொன்றாவது வரியில் நின்றுவிட்டேன்.

"இங்கதான் எல்லாரும் வெள்ளையைப் போட்டுட்டு மாட்டிக்குவாங்க" என்றார். "பதினாலு வருஷமா பார்க்கிறேன், ஒருத்தர்கூடச் சரியாச் செஞ்சதில்லை. உங்களுக்கு இது பச்சைன்னு எப்படித் தெரிஞ்சது?"

இவர் வாயைத் திறந்தார். "ஹிக்" என்றார். இன்னொரு முறை திறந்தார். மறுபடியும் அதே. அந்த அம்மா காத்திருந்தார். கடைசியில் இவர் என்னை நோக்கிக் கையைக் காட்டினார்.

"நகத்துல இருந்துச்சும்மா" என்றேன் நான்.

கையுறை அம்மா என்னைப் பார்த்தார். என் விரலைப் பிடித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, என் கையைக் குலுக்கிவிட்டு, தாளில் கையெழுத்துப் போட்டார்.

மகள்தான் முதலில் கூவினாள். இவர் வண்டியைக் கிளப்பினார். அது அறுபது வருஷத்து இருமல் ஒன்றை இருமிவிட்டு ஓடத் தயாரானது. நான் முன்னால் உட்கார்ந்தேன், மகளும் அண்ணனும் பின்னால். மேலே ஒரு நாற்காலி அடுக்கு சரிந்து வழியை மறித்ததால் அண்ணன் இறங்கி நான்கு நாற்காலியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி ஏறினான். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். இவர் ஹாரனை அடித்தார், நான் சிரித்தேன், எதற்கென்று இல்லாமல் மறுபடி அடித்தார், மறுபடி சிரித்தேன்.

"மச்சான், அந்த மூலை?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"மூலை என்ன மூலை, குடோனே உங்களுது மாப்ளே! ஆனா ஒண்ணு, என் ஸ்க்ரூவை மட்டும் கழட்டிக் குடுத்து..." என்று ஆரம்பித்த அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்தே விக்கல் பிடித்துக்கொண்டது. நாற்காலி நான்கும் அவன் மடியில் குதித்தன.

அப்போதுதான் கவனித்தேன். இவருக்கு நின்றுபோயிருந்தது.